கேட்காமல் பம்பரில் ஏறக்கூடாது

கதவு மறுபடியும் இறுகிக்கொண்டது. தோளால் ஓர் இடி இடித்துத்தான் ரோடா தன் டிரெய்லரிலிருந்து வெளியே வந்தாள். இடித்த வேகத்தில் கையிலிருந்த காபி பாதி புல்லில் போயிற்று.

எதிர் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வெர்லின் அதைப் பார்த்தான். எழுந்து, கருவிப்பெட்டியிலிருந்து அரத்தை எடுத்துக்கொண்டு வந்தான்.

"என்ன, விடிஞ்சதும் கதவோட மல்லுக்கட்டா?"

"நீ மாட்டின கதவுதானே தலைவா. உன்னை மாதிரியே பிடிவாதம் பிடிக்குது."

"ராத்திரி பனி. ஈரத்துல கொஞ்சம் முறுக்கிக்கும். ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாயிடும். நீ போய் எனக்கும் ஒரு காபி கொண்டா."

கதவின் பின்பக்க மேல் மூலையில் அவன் அரத்தை வைத்து இழுத்தான். அலுமினியத் தூள் அவன் கைமயிரில் மினுங்கியது. சங்கத்தின் ஒவ்வொரு கூடலிலும் இது நடக்கும். ரோடா வருவாள், கதவு இறுகும், வெர்லின் அரத்தோடு வருவான், கதவு ஒற்றை விரலில் சாத்திக்கொள்ளும். பதிலுக்கு ரோடா அவனுக்கு ஒரு க்ரீம் பை சுட்டுக் கொடுப்பாள்.

டிரக்கின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடுகளான பழைய டிரெய்லர்களை வைத்திருப்பவர்களின் சங்கம் அது. இந்தியானாவின் வடகோடியில், மாவட்டச் சந்தைத் திடலில், அக்டோபரில் வருடத்தின் கடைசிக் கூடல். அறுபது வயதான அலுமினியக் கூடுகள் இரண்டு வரிசையாக நின்றன. பத்து மணியிலிருந்து ஊர் ஜனங்கள் வந்து ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் எல்லாருடைய கதவும் திறந்திருக்க வேண்டும் என்பது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. அடுத்தவர் டிரெய்லரின் பின்பம்பரில் கேட்காமல் ஏறக்கூடாது. ஏறி மிதிக்கும்போது மேல்கூடு அசையாமல் பம்பர் மட்டும் இறங்கினால், அடியில் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ் தொய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அது விருந்துக்குப் போன வீட்டில் பானையைத் திறந்து பார்ப்பது போல.

ரோடாவுக்கு இந்தக் கூடல் வழியனுப்பு விழாவும்கூட. ரொட்டி ஆலையில் பல வருடம் பார்த்த இரவு வேலையைப் போன வாரம் விட்டுவிட்டாள். வாடகை வீட்டுச் சாவியை நேற்றுக் காலை திருப்பிக் கொடுத்துவிட்டாள். நியூ மெக்சிகோவில் ஓர் ஏரிக்கரை முகாமில் அவளுக்கு வேலை காத்திருந்தது. கூடாரம் போடுபவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் பேருக்குத்தான். ஆனால் நிற்க இடம், தண்ணீர், கரண்ட் எல்லாம் அவர்களுடையது. சொந்த டிரெய்லரோடு வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நாளைக் காலை இந்தத் திடலிலிருந்தே கிளம்புவதாகத் திட்டம். நாலு நாள் ஓட்டம். இந்த டிரெய்லரை விட்டால் அவளுக்குத் தலைசாய்க்க வேறு கூரை கிடையாது.

"ஆச்சு." வெர்லின் கதவை விரலால் தள்ளினான். க்ளிக் என்று சாத்திக்கொண்டது. "கதவு ஒழுங்கா சாத்துச்சுன்னா அடியில எல்லாம் ஒழுங்குன்னு அர்த்தம். இதை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நான் தூங்குறப்பகூட சொல்லியிருப்பே."

"ஈரத்துல அலுமினியம் முறுக்கிக்குமா?" என்றது ஒரு குரல். "அது என்ன, ரொட்டி மாவா?"

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மரிசெல். முப்பது வயதிருக்கும். பக்கத்து ஊர் டிரெய்லர் தொழிற்சாலையில் வேலை. தன் தட்டிலிருந்த பன்றி இறைச்சித் துண்டை மென்றுகொண்டே வந்து கதவைப் பார்த்தாள், பிறகு பின்னால் நகர்ந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு டிரெய்லரின் பக்கவாட்டைப் பார்த்தாள்.

"ஜன்னலுக்குக் கீழ ரிவெட் ஆணி வரிசை போகுது பாருங்க. சக்கரம் வரைக்கும் நேரா வருது. அதுக்கப்புறம் கீழே சாயுது. நீங்க யாரும் பார்க்கலையா?"

பக்கத்து டிரெய்லர்க்காரன் டூயி தன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"தரை சாய்வு," என்றான் வெர்லின்.

"தரையா?" என்றாள் மரிசெல். தட்டைப் புல்லில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், ரோடாவின் பின்பம்பரில் ஏறி இரண்டு காலாலும் குதித்தாள்.

பம்பர் இறங்கியது. கூடு இறங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு வாயைத் திறந்து மூடியது. உள்ளே ஏதோ ஒன்று கறகறவென்றது.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்மணி," என்றான் வெர்லின். "இங்க கேட்காம யாரும் அடுத்தவங்க பம்பர்ல ஏறமாட்டோம்."

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

ரோடாவுக்கு முதலில் அந்தப் பெண் மேல்தான் கோபம் வந்தது.

"இறங்கு முதல்ல. என் சேஸிஸைப் பத்தி எனக்குச் சொல்ல வராதே. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவரோட கொட்டகையில கூட்டைத் தூக்கி வெச்சிட்டு, சேஸிஸை வெளியே உருட்டி, மல்லாக்கப் படுத்து நானே கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சது. வாய்க்குள்ள துரு போச்சு. ஒரு இடத்துல கீறல் கிடையாது."

"அப்போ அது நல்ல சேஸிஸா இருக்கும்," என்றாள் மரிசெல். "இது நல்லால்ல."

"காட்டுறேன் வா."

"ரோடா," என்றான் வெர்லின். "ஜனங்க வர்ற நேரம். அப்புறம் பார்த்துக்கலாமே."

அவன் குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது. ரோடா அதைக் கேட்டாள், ஆனால் நின்று யோசிக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு புல்லில் முதுகைப் போட்டு டிரெய்லருக்கு அடியில் நகர்ந்தாள். அந்த இரண்டு வருடத்தில் அவள் அடியில் போனதே இல்லை. கிரீஸ் போடுவதிலிருந்து எல்லாவற்றையும் வெர்லின்தான் வந்து செய்தான். இந்த முதுகை வைத்துக்கொண்டு நீ ஏன் படுக்கிறாய் என்பான்.

அவளுடைய சேஸிஸில் ஓர் அடையாளம் உண்டு. கடைசிக் குறுக்குக் கம்பியில், எந்தக் காலத்திலோ யாரோ குழாய் போக வழி செய்வதற்காகக் காஸ் வைத்து அறுத்த ஓர் அரைவட்டம். கோணலான வெட்டு. தேய்க்கும்போது களைத்துப்போனால் அதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே கண்மூடிக் கிடந்தது அவளுக்கு நினைவிருந்தது.

இந்தக் கம்பியில் அரைவட்டம் இல்லை. தடவிப் பார்த்தாள். இரண்டு ஓரமும் முழுசாக, நேராக இருந்தன.

வெளிச்சத்தைச் சக்கரத்துக்குப் பின்னால் திருப்பினாள். நீளக் கம்பி அந்த இடத்தில் மெதுவாகக் கீழே வளைந்திருந்தது. கறுப்பு பெயிண்டைக் கெட்டியாகப் பூசியிருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் பெயிண்ட் செதிலாக உரிந்தது. அடியில் ஒரு வெடிப்பு, கம்பியின் பாதி உயரத்துக்கு, துருவேறி, பழசாக.

ரோடா கிடந்தபடியே தலையைத் திருப்பினாள். புல்லோரத்தில் சப்பாத்துகள் தெரிந்தன. மரிசெலின் வேலைச் சப்பாத்து. டூயியின் ரப்பர் சப்பாத்து. வெர்லினின் சப்பாத்து மட்டும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு வெர்லினிடம் ஒரே மாதிரி இரண்டு டிரெய்லர்கள் இருந்தன. ஒரே வருடம், ஒரே நீளம். ஒரு பண்ணையில் ஜோடியாக வாங்கியவை. ஒன்று கொட்டகைக்குள்ளேயே காலம் கழித்தது. மற்றது மழையிலும் பனியிலும் நின்றது. உள்ளே நின்றதை ரோடாவுக்கு விற்றான். வெளியே நின்றதைத் தனக்கு வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய மனசு என்று அப்போது சங்கமே பேசியது. இரண்டு கூட்டையும் ஒரே வாரத்தில் தூக்கினார்கள், இரண்டு சேஸிஸையும் ஒரே கறுப்பில் அடித்தார்கள். கூட்டை இறக்கிவைத்த அன்று ரோடா அங்கே இல்லை. பித்தப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வெர்லினின் மனைவி ஆர்லிஸ்தான் நாள் முழுக்கக் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரோடா வெளியே வந்தாள். எதிர் வரிசைக்கு நடந்தாள்.

"எங்க போற?" என்றான் வெர்லின்.

அவன் டிரெய்லர் வாசலில் ஆர்லிஸ் முட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரோடா படுத்து அடியில் நுழைவதைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி தேடுற? பூனையா?"

கடைசிக் குறுக்குக் கம்பி. கோணலான அரைவட்டம். கட்டைவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது.

எழுந்து நின்றபோது அவள் முதுகெல்லாம் ஈரப்புல் ஒட்டியிருந்தது. ஆர்லிஸ் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். அடுப்பை அணைத்தாள். அந்த ஒன்றிலேயே ரோடாவுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியும்," என்றாள்.

"ரோடா, கண்ணு, உள்ளே வந்து உட்காரு. பேசிக்கலாம்."

"இங்கயே பேசு."

"நீ ஒத்தை ஆளு," என்றாள் ஆர்லிஸ். நியாயம் சொல்லும் குரல்தான், பொறுமையாக. "வாரக்கடைசியில ஏரிக்கரைக்குக் கொண்டுபோவே, திருப்பிக் கொண்டுவருவே. உன் ஓட்டத்துக்கு அது தாங்கும். நாங்க ரெண்டு பேர், வருஷா வருஷம் ஃப்ளோரிடா வரைக்கும் இழுக்கணும். வெளியே நின்னதோட வெடிப்பைப் பார்த்ததுக்கு அப்புறம் அவருக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

"அதனால என்னோடதை எடுத்துக்கிட்டீங்க."

"எடுத்துக்கலை. மாத்தினோம்."

"அன்னைக்கு நீ என் கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருந்தே."

"நிஜமாவே உனக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்," என்றாள் ஆர்லிஸ். அது பொய்யில்லை என்பதுதான் ரோடாவுக்குப் பொறுக்கவில்லை.

வெர்லின் அருகில் வந்திருந்தான். அரம் இன்னும் கையிலேயே இருந்தது. "நான் அதுக்கு வெல்டிங் வெச்சேன், ரோடா. சும்மா விடலை. அது பிடிக்கலை. அப்புறம் கூட்டை மறுபடியும் தூக்கணும்னா ஒரு குளிர்காலமே போயிடும்."

"ஜூலையில நான் நியூ மெக்சிகோ போறேன்னு சொன்னப்போ?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"கேக் வெட்டினே. எல்லாருக்கும் ஊட்டிவிட்டே."

"மெதுவா ஓட்டினா போயிடும்னு நினைச்சேன். நாற்பது மைலுக்கு மேல போகாம..."

"மலை ஏறணும் தலைவா."

அவன் அரத்தைக் கை மாற்றிக்கொண்டான்.

ரோடா திரும்பினாள். டூயியும் இன்னும் நாலைந்து பேரும் பாதையின் நடுவில் நின்றிருந்தார்கள், வரவும் மனசில்லை, போகவும் மனசில்லை. வழியெல்லாம் பின்டயரைப் பார்த்துக்கொள் என்று டூயி நேற்று அவளுக்குக் காற்றழுத்தமானி பரிசு கொடுத்திருந்தான்.

"டூயி. சேஸிஸை உருட்டி மாத்தினது யாரு? வெர்லின் ஒருத்தனா?"

"அவர் சொன்னாரு, நாங்க தள்ளினோம்," என்றான் டூயி. "உங்களுக்குள்ள பேசிட்டீங்கன்னு நினைச்சோம்."

"அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா அந்த ரிவெட் வரிசை சாயுறதைப் பார்த்தே. அரத்தோட இவன் வர்றதைப் பார்த்தே."

"அடுத்தவங்க வண்டியில நாங்க மூக்கை நுழைக்கிறதில்ல, ரோடா. உனக்கே தெரியும்."

"நுழைக்கவே வேண்டாம். வாயைத் திறந்திருக்கலாம்."

டூயியின் மனைவி, அவளுக்கும் ரோடா வருடாவருடம் க்ரீம் பை சுட்டுக் கொடுத்ததுண்டு, கையில்லாத ஸ்வெட்டரின் பொத்தானை மாட்டினாள், கழற்றினாள். மற்றவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

வெர்லின் ஓரடி முன்னால் வந்தான். "சரி. தப்பு என்னோடது. அதை என் கொட்டகையில விடு. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து புதுக் கம்பி வெச்சுத் தர்றேன். வசந்தத்துல கிளம்பு."

"அதுவரைக்கும் நான் எங்க படுக்கிறது? உன் வாசல்லயா?"

"எங்க வீட்டு மாடியில ஒரு அறை..."

"வேண்டாம்."

அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. ஒவ்வொரு கூடலிலும் புதியவர்களை நிற்கவைத்து வெர்லின் ஒரு பிரசங்கம் செய்வான். எல்லாருக்கும் மனப்பாடம். கூடு என்பது சட்டை மாதிரி, கழற்றலாம், மாட்டலாம். சர்க்காருக்கு டிரெய்லர் என்றால் அடியில் இருக்கும் இரும்புதான். டிரக்கோடு பூட்டும் முன்மூக்குக் கம்பியில் குத்தியிருக்கும் எண்தான் வண்டி. அந்த எண் யாருடைய பத்திரத்தில் இருக்கிறதோ அவன்தான் சொந்தக்காரன்.

ரோடா தன் டிரக்கிலிருந்து பத்திரத்தை எடுத்து வந்தாள். வெர்லினுடைய டிரெய்லரின் முன்மூக்கில் குனிந்து, சாவியால் கறுப்பு பெயிண்டைச் சுரண்டினாள். கெட்டியான பூச்சு. எண்கள் ஒவ்வொன்றாகப் பளபளத்து வந்தன. சத்தமாகப் படித்தாள். மரிசெல் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"சட்டை உன்னோடது தலைவா," என்றாள் ரோடா. "வண்டி என்னோடது. கழட்டி எடுத்துக்கிறியா?"

"பைத்தியமா உனக்கு?" என்றான் வெர்லின். "உள்ளே எங்க சாமான் எல்லாம் இருக்கு. அந்த அலமாரியை நான் ஆறு மாசம் செதுக்கினேன்."

"என்னோடதுல நான் ரெண்டு குளிர்காலம் செதுக்கினேன். அதை நீ வெச்சுக்கோ. ஷெரீஃபைக் கூப்பிடணும்னா கூப்பிடு. அவர் வந்து எந்த எண்ணைப் படிப்பாரு?"

வெர்லின் கூப்பிடவில்லை. கடைசியில் ஆர்லிஸ்தான் உள்ளே போய் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரோடாவைத் தாண்டும்போது, "உனக்கு நான் தங்கச்சியை விட மேலா இருந்தேன்," என்றாள்.

"ஆமா," என்றாள் ரோடா. "அதான் எனக்கும் புரியல."

பத்து மணிக்கு ஊர் ஜனங்கள் வந்தார்கள். இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே தட்டுமுட்டுச் சாமான்கள் பாதையைக் கடந்துகொண்டிருந்தன. ஏதோ விற்பனை என்று நினைத்து ஒரு கிழவர் ஆர்லிஸின் வாணலிக்கு விலை கேட்டார். ரோடா தன்னுடையதிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்தாள். போர்வை, பாத்திரம், துணிமணி. பிர்ச் மரப்பலகைச் சுவரை எடுக்க முடியாது. இரவு வேலை முடிந்து வந்த காலைகளில், தூக்கத்தைத் தள்ளிப்போட்டு, ஒவ்வொரு பலகையாக இழைத்து எண்ணெய் தேய்த்த சுவர் அது. கடைசியாகத் தன் கதவை விரலால் சாத்தினாள். க்ளிக். இரண்டு வருடமாக இந்தச் சத்தத்தை நம்பியிருக்கிறாள்.

பம்பர் எண்பலகைகளை மரிசெல் மாற்றிக் கொடுத்தாள். வேறு யாரும் உதவிக்கு வரவில்லை. மதியத்துக்குள் காற்று மாறிவிட்டிருந்தது. டூயியின் மனைவி ரோடாவின் காதில் விழும்படியே சொன்னாள்: "தப்புதான், இல்லேங்கல. ஆனா அதுக்காக வயசானவங்களை இப்படி நடுத்தெருவுலயா நிறுத்துறது? ஃப்ளோரிடாவுக்கு இனி எப்படிப் போவாங்க?" அதற்கு இன்னொருத்தி, "அவளுக்கு எப்பவும் கொஞ்சம் முரட்டு சுபாவம்," என்றாள். மற்றவர்கள் வெர்லினின் நாற்காலியைச் சுற்றி நின்று அவனுக்கு பீர் திறந்து கொடுத்தார்கள். அவன் அரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாளுக்குக் காத்திராமல் ரோடா அன்று மாலையே கிளம்பினாள். டிரக்கைப் பின்னால் எடுத்து, அதன் இணைப்புக் குமிழில் டிரெய்லரின் முன்மூக்கை இறக்கி, சங்கிலியை மாட்டினாள். கிளம்பும் வண்டிக்கு வரிசையாக நின்று கையசைப்பதும் அந்தச் சங்கத்தின் வழக்கம்தான். அன்று யாரும் அசைக்கவில்லை. மரிசெல் மட்டும் வேலியோரம் நின்றிருந்தாள்.

"நான் குதிச்சிருக்கக்கூடாதோ?" என்றாள்.

"நீ ரெண்டு வருஷம் லேட்டா வந்தே," என்றாள் ரோடா.

இல்லினாய் எல்லையைத் தாண்டி முதல் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. டிரெய்லர் கதவைத் திறந்தாள். உள்ளே ஆர்லிஸின் இலவங்கப்பட்டை வாசம். பிடித்த வாசம்தான். ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டாள். கதவு ஒற்றை விரலில் சாத்திக்கொண்டது.

அதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் போய்ப் பம்பரில் ஏறினாள். பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த ஓர் ஆள் திரும்பிப் பார்த்தான். ரோடா இரண்டு காலாலும் குதித்தாள். பம்பரும் கூடும் சேர்ந்தே இறங்கின, சேர்ந்தே ஏறின. நடுவில் கோடு எதுவும் திறக்கவில்லை.

இன்னொரு முறை குதித்தாள். அதற்குப் பிறகும் ஒரு முறை.